யார் சுமை, யார் தோளில்?

2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பன்னிரண்டு நாட்களுக்குள், இரண்டு செய்திகள் தமிழ் மக்களின் செவியில் விழுந்தன. ஏப்ரல் முதல் நாள், தமிழ்நாட்டின் நகரங்களில் சொத்து வரி உயரும் என்ற அறிவிப்பு வெளிவந்தது. ஆவடியிலே, அம்பத்தூரிலே, பூவிருந்தவல்லியிலே சொந்த வீட்டில் இருப்போர் விரல்விட்டுக் கணக்குப் பார்க்கத் தொடங்கினர். ஏப்ரல் 12ஆம் நாள், கடலுக்கப்பால் கொழும்பிலிருந்து மற்றொரு அறிவிப்பு: வெளிநாடுகளிடம் வாங்கிய கடனை இனித் திருப்பிச் செலுத்த இயலாது என்று இலங்கை அரசு கைவிரித்தது.

இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். உறவு உண்டு. முதலாவது, வாக்குப் பதிவு முடிந்த பிறகு மக்களுக்குச் சொல்லப்பட்ட வரி உயர்வு. இரண்டாவது, வாக்குப் பதிவுக்கு முன்பே மக்களுக்குக் காட்டப்பட்ட வரிக் குறைப்பின் பின்விளைவு. ஓரிடத்தில் கசப்பை மறைத்தனர். மற்றோரிடத்தில் இனிப்பை நீட்டினர். இரண்டிற்கும் அடியிலே கிடப்பது ஒரே அறக் கேள்விதான்: வரியைப் பற்றி வாக்காளனிடம் எப்படிப் பேசுவது நேர்மை? அப்படிப் பேசுபவனிடம் வாக்காளன் எதைக் கேட்பது கடமை?

முதலில் கடல் கடந்து நடந்ததைக் காண்போம்.

2019 நவம்பர் 16ஆம் நாள் இலங்கையில் சனாதிபதித் தேர்தல். வேட்பாளர்களில் ஒருவரான கோத்தபய ராசபக்ச, தாம் வென்றால் வரிகளைக் குறைப்பதாக வாக்களித்தார். 15 விழுக்காடாக இருந்த மதிப்புக் கூட்டு வரி 8 விழுக்காடாகும். ஊதியம் பெறுவோரிடம் மாதந்தோறும் பிடித்தம் செய்யப்படும் வருமான வரி நீங்கும். வேறு சில வரிகள் அடியோடு ஒழியும். அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, இது நாட்டை நொடித்துப் போகச் செய்யும் என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். எச்சரிக்கையைக் கேட்போர் எத்தனை பேர்? 'சுமை குறையும்' என்ற சொல்லின் முன்னே, 'பிறகு என்ன ஆகும்' என்ற சொல் எடுபடுமா? கோத்தபய 52 விழுக்காட்டிற்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று வென்றார்.

அந்தத் தேர்தல் வரிக்காக மட்டும் நடந்தது என்று கூறினால் அது உண்மைக்கு மாறானது. அதே ஆண்டு ஏப்ரலில் ஈஸ்டர் நாளன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகள் மக்களை அச்சத்தில் ஆழ்த்தியிருந்தன. அந்த அச்சமும், இன உணர்ச்சியும் வாக்குகளைக் குவித்தன. ஆயினும் வரிக் குறைப்பு என்ற வாக்குறுதி வணிகனுக்கும், அலுவலருக்கும், நடுத்தரக் குடும்பத்திற்கும் இனித்தது என்பதில் ஐயமில்லை.

சொன்னதைச் செய்தார். வாக்குறுதி தருவோர் அதனை மறந்துவிடுவதுதான் வழக்கமான குற்றச்சாட்டு. இங்கே மறக்கவில்லை என்பதே வேதனை! டிசம்பர் முதல் நாளே மதிப்புக் கூட்டு வரி 8 ஆயிற்று. ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாய் வரையில் வருமானம் பெறுவோருக்கு வருமான வரி இல்லை என்றாயிற்று. விளைவு? நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 விழுக்காட்டை ஒட்டியிருந்த அரசின் வருவாய், இரண்டே ஆண்டுகளில் 9 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிற்று. கருவூலத்தில் விழுந்த பள்ளத்தை மைய வங்கி பணத்தை அச்சிட்டு நிரப்பிற்று. இலங்கையின் கடன் தகுதியைக் கணித்து வந்தவர்கள் அதனைத் தாழ்த்தினர். வெளிநாட்டுக் கடன் வாயில்கள் அடைபட்டன. பெருந்தொற்றால் சுற்றுலா வருவாய் ஒழிந்தது. 2021இல் இரசாயன உரத்திற்கு இட்ட திடீர்த் தடை வயலையும் வாட்டியது. ஏற்கெனவே குவிந்திருந்த கடனும் கழுத்தை நெரித்தது. காரணங்கள் பல, ஆனால் அத்தனை அடிகளையும் தாங்கியிருக்க வேண்டிய கருவூலத்தை முன்கூட்டியே மெலியச் செய்தது வரிக் குறைப்பு.

2022இல் எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசை. மருத்துவமனையில் மருந்தில்லை. செப்டம்பரில் விலைவாசி ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 70 விழுக்காட்டளவு ஏறி நின்றது. உணவுப் பொருள்களின் விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. சூலையில் மக்கள் சனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். வரி குறைத்த தலைவர் நாட்டைவிட்டு ஓடிப் பதவி துறந்தார்.

இந்தக் கதையில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் மாளிகை அன்று, மலையகம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் நாட்கூலி, நெடிய போராட்டத்திற்குப் பிறகு 2021இல்தான் 1000 ரூபாய் என்று உறுதி செய்யப்பட்டது. ஆண்டுக்கு 30 இலட்சம் வரையில் வருமான வரி இல்லை என்ற சலுகையால் அவளுக்கு என்ன கிடைத்தது? அவள் வருமான வரி கட்டியவளே அல்லள்! மதிப்புக் கூட்டு வரி குறைந்ததில் அவளுக்குக் கிட்டியது சில்லறை. மாதம் இரண்டு இலட்சம் செலவிடுபவனுக்குக் கிட்டியது கட்டுக்கட்டு. ஆனால் விலை ஏறியபோது? அரிசியும் மாவும் அவள் கூலியைத்தான் முதலில் விழுங்கின. நன்மை மேலிருந்து பங்கிடப்பட்டது. தீமை கீழிருந்து வசூலிக்கப்பட்டது.

இன்னொன்றையும் எண்ணுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழ் மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்தத் தேர்தலில் கோத்தபயவுக்கு வாக்களிக்கவில்லை. அவருடைய வரித் திட்டத்தை அவர்கள் கேட்கவுமில்லை, ஏற்கவுமில்லை. ஆயினும் அதே மண்ணெண்ணெய் வரிசையில் அவர்களும் நின்றனர். 2022 மார்ச்சு மாதத்தில் பசியிலிருந்து தப்பப் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கிய குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்களே. ஏப்ரல் 29ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, 40,000 டன் அரிசியும், 500 டன் பால்மாவும், உயிர்காக்கும் மருந்துகளும் அனுப்ப முன்வந்தது; மே 18ஆம் நாள் முதல் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அந்த அரிசி எவர் பணத்தில் வாங்கப்பட்டது? தமிழ்நாட்டு மக்களின் வரிப் பணத்திலும், அவர்கள் அளித்த நன்கொடையிலும்! கொழும்பில் ஒருவர் குறைத்த வரியின் ஒரு பகுதியை, ஆவடியிலும் அம்பத்தூரிலும் சோப்புக் கட்டி வாங்கியவன் செலுத்த நேர்ந்தது.

ஆகவே, 'என் வாக்கு, என் விருப்பம். எனக்கு வரி குறைகிறது, நான் வாக்களிக்கிறேன். இதில் அறம் என்ன, மறம் என்ன?' என்று கேட்பவனுக்கு இங்கே விடை இருக்கிறது. வரியைப் பற்றிய வாக்கு, கடைக்காரனுக்கும் வாங்குவோனுக்கும் இடையே நடக்கும் பேரமன்று. வாங்காதவனும் விலை கொடுக்கிறான்.

பாண்டியன் அறிவுடை நம்பியிடம் பிசிராந்தையார் என்னும் புலவர் சென்று, யானையை எடுத்துக்காட்டி வரி நெறியை அறிவுறுத்தியதைப் புறநானூறு படித்தோர் அறிவர். கவளம் கவளமாகக் கொடுத்தால் சிறு வயலின் விளைவும் பல நாள் யானைக்குப் போதும். யானையே வயலுக்குள் இறங்கினால் தின்பதைவிட மிதிப்பதே மிகுதியாகும் என்பது அதன் கருத்து. அளவறியாமல் வரி வாங்கும் அரசனுக்கு அதைவிடச் சிறந்த அறிவுரை இல்லை.

அன்று புலவர் அரசனிடம் சென்றார். இன்று அரசன் யார்? வாக்குரிமை பெற்ற நாமே. ஆளும் உரிமை வந்தால் அறிவுரை கேட்கும் கடமையும் உடன் வருமன்றோ? கவளம் பெரிதாகக் கூடாது என்று நாம் முழங்குகிறோம், முழங்கத்தான் வேண்டும். ஆனால் கவளமே கொடாமல் யானையைக் கட்டி வைத்தால் என்ன ஆகும்? பசித்த யானை தறியை முறித்துக்கொண்டு அதே வயலில்தான் புகும். இலங்கையில் நடந்தது அதுவே. 15இலிருந்து 8 ஆன மதிப்புக் கூட்டு வரி, 2022 சூனில் 12 ஆயிற்று. செப்டம்பரில் 15 ஆயிற்று. 2024 சனவரியில் 18 ஆயிற்று. குறைத்தபோது மேடை போட்டுக் குறைத்தனர். கூட்டியபோது எவரையும் கேட்கவில்லை.

இனி நம் வீட்டு வாயிலுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் நாள் நடந்தது. ஆவடி, 2019இல் மாநகராட்சியான பின் முதன்முதலாகத் தன் மாமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. பூவிருந்தவல்லி நகராட்சியும் வாக்களித்தது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூரும் வாக்களித்தது. தெருத்தெருவாக வேட்பாளர்கள் வந்தனர். சாலை, சாக்கடை, குடிநீர், விளக்கு என்று பேசினர். இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்ற பேச்சு அந்தப் பரப்புரையின் பொருளாக இருக்கவில்லை. ஆறு வாரங்கள் கழிந்தன. ஏப்ரல் முதல் நாள் வந்தது அறிவிப்பு. இப்பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு உயர்வு!

உயர்வுக்கு நியாயம் இல்லையா? உண்டு. சென்னையில் 1998க்குப் பிறகு சொத்து வரி திருத்தப்படாமலே இருந்தது. உள்ளாட்சிகளுக்கான மானியத்தைப் பெற, சொத்து வரியைச் சீராக்க வேண்டும் என்று பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை விதித்திருந்தது. சிறு வீட்டிற்குக் குறைவாகவும் பெரிய வீட்டிற்கு மிகுதியாகவும் படி அமைத்திருந்ததும் பாராட்டத்தக்கதே. நியாயம் இத்தனை இருக்கும்போது, அதனைப் பிப்ரவரியிலேயே மக்கள் முன் வைப்பதற்கு என்ன தடை? நல்ல சரக்கை இருட்டில் விற்பானேன்?

இது ஓர் ஆட்சியின் குறை மட்டுமன்று. 2018 சூலையில் அ.தி.மு.க. ஆட்சி சொத்து வரியை உயர்த்திற்று. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்ததும் 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்தி வைத்தது. தி.மு.க. ஆட்சி தேர்தல் முடியும் வரை பேசாதிருந்து, முடிந்த பின் உயர்த்திற்று. அன்று எதிர்த்தோர் உயர்த்தினர். அன்று உயர்த்தியோர் எதிர்த்துக் கொடி பிடித்தனர். இரு தரப்பும் ஒன்றில் மட்டும் ஒத்துப் போயின: வாக்காளனுக்கு முன்னே வரியைப் பற்றி வாய் திறக்கலாகாது!

ஏன் இந்த அச்சம்? வாக்காளன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டனர். 'எனக்கு எவ்வளவு?' என்பதே அக்கேள்வி. ஆவடியில் ஓய்வூதியத்தில் வாழ்பவர் தம் வீட்டு வரியை மட்டும் பார்க்கிறார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர் தம் பட்டறையின் வரியை மட்டும் பார்க்கிறார். பூவிருந்தவல்லியில் வாடகைக்குக் குடியிருப்பவர், 'வீட்டுக்காரர் பாடு, எனக்கென்ன?' என்று இருக்கிறார்; அடுத்த மாத வாடகையில் அது தம் தலையில் ஏறும்போதுதான் விழிக்கிறார். ஒவ்வொருவரும் தம் வாசற்படி அளவே நாட்டைப் பார்த்தால், அரசியல்வாதி வாசற்படி வாசற்படியாக வந்து வெவ்வேறு சொல் சொல்லிப் போவதற்கு என்ன தடை?

தன் சுமையை எண்ணாதே என்று வாக்காளனுக்குத் துறவு போதிக்க இதை எழுதவில்லை. பத்து ரூபாய் மிச்சமானால் குழந்தைக்குப் பால் வாங்கலாம் என்று நினைக்கும் தாயைக் குறை கூறுபவன் அறம் பேசத் தகுதியற்றவன். அவள் கேள்வி தவறன்று; பாதிக் கேள்வி. 'எனக்கு எவ்வளவு குறையும்?' என்பது முன்பாதி. 'அந்தக் குறைவை எவர் தோளில் வைப்பாய்? எதை நிறுத்துவாய்?' என்பது பின்பாதி. பின்பாதியைக் கேட்கப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. மாத ஊதியம் குறைந்தால் எந்தச் செலவை வெட்டுவது என்று நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் போடும் கணக்குத்தான் அது.

'வரிப் பணம் பாதி வீணாகிறது, பாதி களவு போகிறது, குறைந்தால் என்ன?' என்பாரும் உளர். அவர் கோபம் நியாயமானது. ஆனால் களஞ்சியத்தில் திருடன் புகுந்தால் காவலனை மாற்ற வேண்டும், களஞ்சியத்தைக் கொளுத்தலாகாது. கொளுத்தினால் திருடன் வேறு வீடு பார்ப்பான். பட்டினி கிடப்பது களஞ்சியத்தை நம்பியவன்.

களஞ்சியத்தை நம்பியவன் யார்? இந்த மேற்குப் புறநகரைவிட அதற்குச் சான்று வேண்டா. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும், படையினருக்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் வரிப் பணத்தில் எழுந்தவை. அவற்றின் ஊதியத்தில் படித்த பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் அரசின் முயற்சியால் உருவானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து எந்திரங்கள் நீரில் நின்றன. வடிகால் வெட்டாததால் வந்த இழப்பை எந்த வரி நோட்டீசில் எழுதுவது? வரியாகக் கொடாததை வெள்ளத்தில் கொடுத்தோம் என்று சொன்னால் தவறாகுமா? ஏற்கெனவே கொடுத்த வரி வடிகாலுக்குப் போகவில்லை என்றால், அதைக் கேட்கும் உரிமையும் கொடுத்தவனுக்குத்தான் உண்டு.

ஆவடி என்ற பெயருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1955 சனவரியில் அங்கே கூடிய காங்கிரசு மாநாடு, சமதர்ம பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் இயற்றியது. அடுத்த ஆண்டு, இந்திய வரி அமைப்பை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் நிக்கலாஸ் கால்டார், செல்வத்தின் மீதும், செலவின் மீதும், கொடையின் மீதும் வரி விதிக்க வழி சொன்னார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொணர்ந்தார். 1958இல் கொடை வரி வந்தது. இறந்தவர் விட்டுச் செல்லும் சொத்தின் மீதான வரி 1953 முதலே இருந்தது. அவையெல்லாம் இன்று எங்கே? செலவு வரி 1962இல் போய், 1964இல் திரும்பி வந்து, 1966இல் ஒழிந்தது. இறப்புச் சொத்து வரி 1985இலும், கொடை வரி 1998இலும், செல்வ வரி 2015இலும் மறைந்தன. 2019 செப்டம்பரில், பொதுத் தேர்தல் முடிந்து நான்கு திங்களில், பெரு நிறுவனங்களின் அடிப்படை வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வரிகளால் வந்த வருவாய் சிறிது, வசூல் தொல்லை பெரிது என்று காரணம் கூறினர். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் செல்வனின் தோளிலிருந்து இறக்கிய சுமை எங்கே வைக்கப்பட்டது என்று வாக்காளன் கேட்டானா? கேட்கவில்லை. 2022 சூலை 18 முதல், பையிலிட்டு முத்திரை குத்திய அரிசிக்கும் தயிருக்கும் 5 விழுக்காடு வரி வந்தபோதுதான் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தான்.

வருமான வரி கட்டுவோர் நம் நாட்டில் சிலரே. 'வரி கட்டுபவன் நான்' என்று மார்தட்டுவோரும் அவர்களே. பல் துலக்கும் பசையிலும், தலைக்கு வைக்கும் எண்ணெயிலும் வரி கட்டும் கூலித் தொழிலாளி, தான் வரி கட்டுவதையே அறியான். 'இலவசம் வாங்குபவன்' என்ற ஏச்சை மட்டும் கேட்டுக்கொள்கிறான். தெரிந்து கட்டுபவன் கணக்குக் கேட்கிறான். தெரியாமல் கட்டுபவன் கைகட்டி நிற்கிறான். அரசுகள் மறைவான வரியை ஏன் விரும்புகின்றன என்பது விளங்குகிறதல்லவா?

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி குறைந்து, சோப்பும் பற்பசையும் 18இலிருந்து 5 விழுக்காட்டிற்கு வந்தன. எளியவன் சுமை குறைந்ததை வரவேற்கத்தான் வேண்டும். அதே மூச்சில் பின்பாதிக் கேள்வியையும் எழுப்ப வேண்டும்: மாநிலங்களுக்கு ஏற்படும் வருவாய் இழப்பை எவர் ஈடு செய்வது? தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் அக்கேள்வியை எழுப்பின. வாக்காளனும் எழுப்பினால் அல்லவா விடை வரும்?

சட்டத்தின் ஆணையின்றி எந்த வரியும் விதிக்கவோ வாங்கவோ கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு. சட்டத்தை இயற்றுவோர் நம் வாக்கால் அமர்ந்தவர். ஆகவே வரிக்கு நம் இசைவு உண்டு என்பது ஏட்டளவில் உண்மை. மறைத்துப் பெற்றது இசைவாகாது. ஆசை காட்டிப் பெற்றதும் முழு இசைவாகாது. கணக்கைக் காட்டிக் கேட்டு, கணக்கைப் பார்த்துக் கொடுப்பதே இசைவு.

எனவே அடுத்த முறை ஒருவர் ஆவடித் தெருவிலே நின்று, 'வரியைக் குறைப்பேன்' என்று முழங்கினால், கைதட்டுவதற்கு முன் ஒரு நொடி பொறுங்கள். 'எவருக்கு? எவ்வளவு? அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவீர்?' என்று கேளுங்கள். இன்னொருவர் வரியைப் பற்றிப் பேசாமலே போனால், அவரையும் விடாதீர்கள். 'வாக்குப் பதிவு முடிந்து ஆறு வாரத்தில் என்ன சொல்லப் போகிறீர்? அதை இன்றே சொல்லும்' என்று கேளுங்கள். விடை சொல்பவர் உங்களுக்குப் பிடிக்காத விடையையே சொன்னாலும், உங்களை ஆளுரிமை உடையவராக மதித்துச் சொன்னார் என்பதை மறவாதீர்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்காத குற்றத்திற்கு, கேட்காதவன் மட்டும் தண்டனை பெறுவதில்லை. மலையகத்தில் கொழுந்து பறித்தவள் பெற்றாள். வாக்களிக்காத வடக்கிலிருந்து படகேறியவன் பெற்றான். அவர்கள் பொருட்டேனும் கேட்போம்.